போகச் சொன்னால் உட்காரும் கூட்டம்

அத்தியாயம் 17

தோற்றவர் வீட்டுக்கு முதலில் வருவது ஆறுதல் இல்லை, நாற்காலி. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். காலையில் பல் துலக்கிக்கொண்டே மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, வாடகைக் கடை வண்டி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு நீலத் தார்ப்பாய், குழாய் வைத்த தண்ணீர் டிரம். யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. வாடகைக் கடைக்காரர் செய்தியைப் பார்த்தார், வழக்கம்போல அனுப்பிவிட்டார்.

முந்தின நாள் நடந்ததை நாடே பார்த்தது. கண் அசந்தவர்களுக்காக மட்டும் இரண்டு வரி. கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி ஒரு கட்சியின் தலைவி. வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அவள்தான் ஜெயிப்பாள் என்று சொல்லப்பட்ட அவளுடைய சொந்தத் தொகுதியில், ஒரு பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியரிடம் தோற்றுப்போனாள். கட்சிக்குக் கொஞ்சம் இடங்கள் கிடைத்தன, தலைவிக்குத்தான் இடமில்லை. வாக்கு எண்ணும் மண்டபத்தின் வாசலில் நீட்டிய மைக்குகளிடம், "இன்றோடு அரசியலை விட்டு விலகுகிறேன், நன்றி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். படுத்தாள். குறட்டை விட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை. ஏனென்றால், தலைவி அரசியலை விட்டு விலகுவது இது நாலாவது தடவை.

கட்சி உடைந்தபோது ஒரு முறை விலகினாள். கூட்டணிச் சண்டையில் ஒரு முறை. சொந்த ஆட்களே முணுமுணுக்க ஆரம்பித்தபோது ஒரு முறை. ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே விதமாக நடந்தது. காலையில் அறிவிப்பு. வெயில் ஏறுவதற்குள் கேட்டுக்கு வெளியே கூட்டம். கண்ணாடிக் கடைக்காரர் வெளியே வந்து, "அவங்க முடிவு பண்ணிட்டாங்க, தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க" என்பார். உடனே அத்தனை பேரும் அப்படியே தரையில் உட்காருவார்கள். பிற்பகலில் இரண்டு பேர் மயங்குவார்கள். சாயங்காலம் தலைவி மாடி பால்கனிக்கு வந்து, கம்மிய குரலில், "உங்கள் அன்புக்கு முன்னால் என் முடிவு தோற்றுவிட்டது" என்பாள். நாற்காலிகள் வண்டி ஏறிவிடும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அந்த மூன்று தடவையும் கண்ணாடிக் கடைக்காரர் நடிக்கவே இல்லை. மனசாரத்தான் போகச் சொன்னார். போய்விட மாட்டார்களா, இந்தச் சனியன் இன்றோடு ஒழிந்துவிடாதா, தன் பெண்டாட்டி ஒரு நாளாவது எதிரே உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட மாட்டாளா என்ற ஏக்கத்தில் சொன்னார். முதல் தடவை முடிந்ததும் மச்சான், அதாவது தலைவியின் தம்பி, வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "அத்தான், நீங்க கடையை மூடிட்டு நாடகத்துல சேர்ந்துடலாம்" என்றான். அசடு வழிந்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

இந்தத் தடவை அது நிஜமாக இருக்கவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கீழே இறங்கி வந்தார். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன இடத்தில், வாஷிங் மெஷினுக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு தலைவி உட்கார்ந்திருந்தாள். வட்டக் கண்ணாடிக்குள் துணிகள் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது முடிய எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள்.

முக்கால் மணி நேரம் என்று அவர் சொன்னார்.

"நான் இதை ஒரு தடவைகூட முழுசாப் பார்த்ததில்ல."

கண்ணாடிக் கடைக்காரர் அடையாளங்களைத் தேடினார். முன்பெல்லாம் விலகுகிற நாளில் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கம்மிய குரலை ஒத்திகை பார்ப்பாள். இன்று அந்தச் சத்தம் இல்லை. சரி, நிஜம்தான் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் போனை அணைக்காமல் மெஷின்மேல் மல்லாக்க வைத்திருந்தாள், அது நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னி மின்னி அடங்கியது. விடுகிறவள் இதை ஏன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு மனசு கேட்டது. இரண்டு சாட்சி எதிரெதிராகச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? காபி போட்டார்.

அதற்குள் வெளியே முதல் கோஷம் எழுந்தது. தலைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"போய் அவங்களைப் போகச் சொல்லுங்க."

போன மூன்று தடவையும் இதையேதான் சொன்னாள், இதே அலுப்போடுதான் சொன்னாள். நிஜமாகத்தானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முன்பு ஒருமுறை அப்படிக் கேட்டு, அவள் விழுந்து விழுந்து சிரித்தது நினைவுக்கு வந்ததால் விழுங்கிக்கொண்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கூட்டம் அவரைப் பார்த்ததும் அமைதியானது. கேட்டுக்குப் பக்கத்தில், முதல் வரிசையில், ஓய்வுபெற்ற தபால்காரர் நின்றிருந்தார். மூன்று தடவையும் வந்தவர். அவர் மூக்கில் இருந்த தடித்த கண்ணாடியே இவர் கடையில் செய்ததுதான்.

வழக்கமான வார்த்தைகளைச் சொல்லக் கூடாது என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்திருந்தார். கடையில், இந்தப் பவர் உங்களுக்குச் சரிவராது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற நிதானத்தில் ஆரம்பித்தார். முந்தைய தடவைகள் மாதிரி இது இல்லை, அவள் உண்மையிலேயே விலகிவிட்டாள், சாயங்காலம் பால்கனிக்கு யாரும் வரப்போவதில்லை, வெயிலில் காய வேண்டாம் என்றெல்லாம் விளக்கினார்.

கூட்டம் ஒரே அசைவில் தரையில் உட்கார்ந்தது.

தபால்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்டுக் கம்பிக்கு இடையில் ரகசியமாகச் சொன்னார்:

"போன தடவையைவிட இது நல்லா இருக்கு சார். கண்ணுல தண்ணிகூட நிக்குது."

கண்ணாடிக் கடைக்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் உள்ள எல்லாரிடமும் உண்மையைச் சொல்லலாம், இந்த ஒரு கூட்டத்திடம் மட்டும் சொல்ல முடியாது. இவர்களைக் கிளப்பும் வார்த்தை எதுவுமே மிச்சமில்லை. எல்லாவற்றையும் முன்பே செலவழித்தாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தலைவியின் தம்பி வந்தான். பொதுக்கூட்டங்களில் மைக் சோதிக்கிற வேலையில் ஆரம்பித்துக் கட்சிச் செயலாளர் வரைக்கும் உயர்ந்தவன். வீட்டில் அவனுக்கு மைக் என்றே பெயர். கையில் இரண்டு போன், முகத்தில் கல்யாண வீட்டுக் களை. கூட்டம் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, தொலைக்காட்சிக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், மயங்குவதற்கு இரண்டு பேரைச் சொல்லி வைத்தாயிற்று, அக்கா எத்தனை மணிக்குப் பால்கனிக்கு வருவாள் என்று தெரிந்தால் போதும் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு, அக்காவைத் தேடிப் பின்பக்கம் போனான்.

திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தான், அக்கா துணி காயப்போட்டுட்டு இருக்காங்க."

"பார்த்தேன்."

"வரமாட்டேன்னு சொல்றாங்க. என்கிட்டயே சொல்றாங்க. இது நிஜமா?"

தனக்கும் தெரியவில்லை என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு மச்சானைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும், கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. மைக் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான். நாளைக்குச் செயற்குழு, தலைமை இல்லாமல் போய் உட்கார்ந்தால் கட்சியைக் கூறு போட்டுவிடுவார்கள் என்று புலம்பினான். பிறகு புலம்பல் நின்றது. அவன் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"பாப்பா எங்க?" என்று கேட்டான்.

மகளின் பேச்சு வந்ததும் கண்ணாடிக் கடைக்காரர் அவன் எதிரே போய் நின்றார். "அவளை இதுல இழுக்காத மச்சான்."

"சும்மாதான் கேட்டேன்."

மைக் எதையும் சும்மா கேட்கிறவன் இல்லை.

மகள் மதியம் வந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களையும் ஆபரேஷன் ஆனவர்களையும் எழுப்பி நடக்க வைப்பதுதான் அவள் வேலை. தலைவியின் மகள் என்பதை மறைக்கவே ஊருக்கு அந்தக் கோடியில் தனி வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். வெள்ளைக் கோட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், தோள்பையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "இந்தத் தடவை எத்தனை மணிக்குப் பால்கனி?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் மாறியது.

மைக் இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தான். குடும்பத்திலிருந்து ஒரு முகம் வேண்டும், சின்னதாக ஒரு தலைகாட்டல், பேசக்கூட வேண்டாம் என்று தேன் தடவினான். மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"மாமா, எனக்கு சாயங்காலம் நாலு முழங்கால் இருக்கு. அதைப் பார்க்கணும்."

கண்ணாடிக் கடைக்காரருக்கு மூச்சு வந்தது. பெற்ற பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே பின்பக்கம் போனார்.

தலைவி கொடியில் அவருடைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்கட்டுமா? நான் நேத்து நிஜமாத்தான் சொன்னேனா?"

அவர் திகைத்துப் போனார். அவளிடம் கேட்கவேண்டும் என்று நேற்றிலிருந்து அவர் மென்று முழுங்கிக்கொண்டிருந்த கேள்வி அது.

"உனக்கே தெரியலையா?"

"நம்பர் குறைஞ்சுகிட்டே வந்துது. எல்லாரும் என் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பசிச்சுது. அப்படி ஒரு பசி, எத்தனையோ வருஷமா பசிச்சதே இல்லாத மாதிரி. வெளிய வந்தேன், மைக்கை நீட்டினாங்க, வார்த்தை தானா வந்துது. அந்த வார்த்தை பழகின வார்த்தைதானே. பழக்கத்துல வந்துதா, மனசுல இருந்து வந்துதான்னு தெரியலை." சட்டையின் கையை விட்டாள். "இத்தனை வருஷமா என்னைப் பக்கத்துல இருந்து பார்க்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்களே சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரே ஒரு சொல். அதைச் சொல்வதற்காகவே அவர் இத்தனை காலம் காத்திருந்தார். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அவள் நம்பிவிடுவாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அதனால்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

"நான் ஆமான்னு சொன்னா, அது என் ஆசையாத்தான் இருக்கும். உன் பதிலா இருக்காது."

அவள் தலையாட்டினாள். நன்றி என்று எடுத்துக்கொள்வதா, ஏமாற்றம் என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குப் புரியவில்லை.

"ஒண்ணு மட்டும் தெரியும்," என்றாள். "பால்கனிக்குப் போனா எனக்கு வேற வார்த்தை வராது. அந்தப் பழைய வார்த்தைதான் வரும். அதனால நான் போகமாட்டேன். அவங்களை எப்படியாவது அனுப்பிடுங்க."

அப்போதுதான் அவர் நம்பத் தொடங்கினார். பயப்படுகிறாள் என்றால் நிஜம்தான். விட்டவர்கள்தான் திரும்பி மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுவார்கள்.

ஆனால் எப்படி அனுப்புவது? இவர் போனால் நடிப்பு என்பார்கள். அவள் போனால் நாடகம் முடிந்தது, கைதட்டலாம் என்பார்கள். மைக் போனால் இன்னும் நாலு பஸ்ஸில் ஆள் வந்து இறங்கும். கூடத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஜன்னலோரம் நின்றிருந்த மகள் சொன்னாள்:

"அந்தக் கண்ணாடி போட்ட பெரியவருக்கு வலது முழங்கால் போயிடுச்சு. சிமெண்டு தரையில இப்படி உட்கார்ந்தா நாளைக்கு எழுந்திருக்கவே மாட்டார். யாருமே பார்க்க மாட்டீங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அவள் வெளியே போய்விட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் பின்னாலேயே வாசல் வரைக்கும் ஓடினார். தடுக்கத்தான் ஓடினார். ஆனால் கேமராக்கள் திரும்பியதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

மகள் கேட்டைத் திறக்கவில்லை. உள்பக்கம் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோஷம் எழுந்தது. அவள் அது அடங்கும் வரை காத்திருந்தாள். நோயாளி வலிக்கிறது என்று கத்தி முடிக்கும் வரை பேசாமல் நிற்கிற பழக்கம்.

"எங்கம்மா தோத்துட்டாங்க," என்றாள். "தோத்தவங்க வீட்ல இருக்காங்க. இன்னிக்கு வெளிய வரமாட்டாங்க. இதுக்கு முன்னாடி மூணு தடவை உங்களை வெயில்ல உட்கார வெச்சோம். உள்ள ஃபேனைப் போட்டுட்டு சாயங்காலம் ஆகட்டும்னு காத்திருந்தோம். நானும் உள்ளதான் இருந்தேன். அதுக்காக உங்ககிட்ட மன்னிப்பு கேட்கறேன்."

கூட்டம் அண்ணாந்து அவளைப் பார்த்தது. கட்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தெருவில் யாரும் மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டதில்லை. மைக் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எழுந்திருக்கலாம். அவசரப்படாதீங்க. பக்கத்துல இருக்கறவர் தோளைப் பிடிச்சுக்கோங்க. நல்ல காலை முதல்ல ஊனுங்க. ஐயா, உங்களுக்கு இடது கால். இடது. ஆமா. மூச்சை விட்டுட்டு எழுந்திருங்க."

தபால்காரர் எழுந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை என்று தெரு முழுக்க ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். மயங்கச் சொல்லி வைத்திருந்த இருவரும் எழுந்துவிட்டார்கள். சிலர் அழுதார்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை. வாடகைக் கடைப் பையன்கள் மலங்க மலங்க விழித்துவிட்டு நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள்.

போகச் சொன்னால் உட்கார்ந்தே பழகிய கூட்டம், முதல் தடவையாகப் போனது.

கண்ணாடிக் கடைக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முடிந்தது. நிஜமாகவே முடிந்துவிட்டது. இன்று மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிடலாம். எந்தத் தட்டுகளை எடுத்து வைக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே திரும்பினார்.

தலைவி கதவோரம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈரக் கையைத் துடைக்கக்கூட மறந்து, காலியாகிக்கொண்டிருந்த தெருவைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்துகொண்டிருந்த மகளைப் பார்த்தாள். பொதுக்கூட்டத்தில் புதிதாகப் பேசுகிற ஒருவரை மேடையின் ஓரத்திலிருந்து அவள் எடை போடுகிற பார்வை ஒன்று உண்டு. கண்ணைச் சற்றே இடுக்கிக்கொள்வாள். கண்களைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் கண்ணாடிக் கடைக்காரருக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"நல்லாப் பேசின," என்றாள் தலைவி. "ஆனா அடுத்த தடவை கேட் கம்பியைப் பிடிச்சுக்காத. கை சும்மா இருக்கணும். பிடிச்சா பயந்த மாதிரி தெரியும்."

அடுத்த தடவையா? கண்ணாடிக் கடைக்காரர் மகளைப் பார்த்தார். இனி அடுத்த தடவை எல்லாம் கிடையாது என்று அவள் சொல்லிவிடுவாள். நாலு முழங்கால் காத்திருக்கிறது என்பாள். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவர் காத்திருந்தார்.

மகள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கம்பியின் துரு ஒரு கோடாகப் படிந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"வேற என்னம்மா தப்பு பண்ணேன்?"